ஒரே இரவில் கோணிப்போகும் முகம்

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது, ஒரு கண் மூட மாட்டேன் என்கிறது. "காத்து பட்டிருக்கும்" என்பார் வீட்டில் ஒருவர். பக்கவாதம் என்று இன்னொருவர் பதறுவார். பலருக்கு இரண்டுமே இல்லை. ஏழாவது மூளை நரம்பு வீங்கியிருக்கிறது.

பன்னிரண்டு இணை

மண்டை ஓட்டின் துளைகள் வழியே வெளிவரும் மூளை நரம்புகள் 12 இணை. முதலாவது மணத்துக்கு, இரண்டாவது பார்வைக்கு. மூன்று, நான்கு, ஆறு ஆகியவை கண்ணை அசைக்கின்றன. ஐந்தாவது முகத்தின் தொடுவுணர்வுக்கு, எட்டாவது கேட்கவும் தள்ளாடாமல் நிற்கவும். விழுங்குவது, குரல், தோள், நாக்கு எல்லாம் மீதியுள்ளவற்றின் பொறுப்பு. அவற்றில் பத்தாவதான வேகஸ் இதயத்தையும் தாண்டிக் குடல்வரை இறங்குகிறது.

இடுக்கில் சிக்கும் நரம்பு

ஏழாவது நரம்பு காதருகே குறுகலான எலும்புக் குழாய் ஒன்றின் வழியாகத்தான் முகத்துக்கு வருகிறது. அங்கே வீங்கினால் விரிய இடமில்லை, நசுங்கிச் செயலிழக்கிறது. இந்த நரம்பை 1821இல் ஆராய்ந்து எழுதிய சார்லஸ் பெல்லின் பெயரால் இது பெல்ஸ் பால்சி; நம் வழக்கில் முகவாதம். வைரஸ் தொற்று காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் வாய்ப்பு அதிகம். நாக்கின் முன்பகுதிச் சுவையும், காதுக்குள் பெரிய சத்தத்தைத் தணிக்கும் குட்டித் தசையும் இதே நரம்பைச் சேர்ந்தவை. அதனால்தான் சிலருக்குச் சாப்பாடு ருசிப்பதில்லை, அந்தப் பக்கக் காதில் பாத்திரச் சத்தம்கூட இடியாய்க் கேட்கிறது.

நெற்றியைப் பாருங்கள்

புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். முகவாதத்தில் அந்தப் பக்க நெற்றி சுருங்காது. பக்கவாதத்தில் பெரும்பாலும் சுருங்கும். நெற்றிக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருவதே காரணம். ஆனால் இதை வைத்து வீட்டிலேயே முடிவுகட்ட வேண்டாம். கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். பக்கவாதமாக இருந்தால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.

72 மணி நேரம்

முகவாதம் என்று உறுதியானால் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். தைலம் தேய்த்துப் பார்ப்போம் என்று ஒரு வாரத்தைக் கடத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் முகம் திரும்பிவிடும். சீக்கிரம் தொடங்கிய மாத்திரை அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், இந்த மாத்திரையால் சர்க்கரை அளவு ஏறும். காதில் கொப்புளம் இருந்தால் அது அக்கி. அதற்கு வைரஸ் மருந்தும் தேவை.

மருந்தைவிட அதிகம் மறக்கப்படுவது கண். மூடாத கண் காய்ந்து கருவிழி புண்ணாகும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்ட வேண்டும்.

பல்லைப் பிடுங்கியும் போகாத வலி

பல் துலக்கும்போது, முகம் கழுவும்போது, காற்று பட்டால்கூடக் கன்னத்தில் ஷாக் அடித்தாற்போல் சில நொடி வலி. பெரும்பாலும் இரத்தக்குழாய் ஒன்று ஐந்தாவது நரம்பை அழுத்துவதால் வருவது. பல்வலி என்றெண்ணி நல்ல பற்களைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. இதற்குத் தரப்படும் கார்பமாசிபின் வலிப்புக்கும் தரப்படுவதுதான். அதைக் கேட்டுப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

இமை சரிந்தால்

திடீரென ஓர் இமை சரிந்து, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் மூன்றாவது நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். கூடவே கடும் தலைவலியும் விரிந்த பாவையும் இருந்தால், மூளை இரத்தக்குழாயில் புடைப்பு ஒன்று அந்த நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடிக்கக்கூடியது. விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.