உங்களுக்குத் தெரியுமா? சேணம் கட்டும் நேரம்

போடியிலிருந்து தேவாரம் போகிற வழியில் ராசிங்காபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான். மலைக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டங்கள். விடியுமுன்னே வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ஏறிவிடும். ஜீப் ஏறாத தடங்களில் அரிசி மூட்டை மேலே போவதும், காப்பி, மிளகு கீழே வருவதும் குதிரை முதுகில்தான். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் குதிரைமேல் ஏறிப்போன மாவட்டம் இது.

★

சேணத்தைத் தொடுமுன் முதுகைத் தொட வேண்டும். உள்ளங்கையைப் பதித்து, முடி படிந்திருக்கும் வாக்கிலேயே பிடரியடியிலிருந்து இடுப்புவரை தடவிக்கொண்டே போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நாயுருவி விதையும், காய்ந்த சேற்றுப் பொருக்கும் கைக்குத் தட்டுப்படும். அந்த விதை சேணத்துக்கடியில் மாட்டிக்கொண்டால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஊசியாகக் குத்தும். வலியில் குதிரை துள்ளும். அதற்கு “முரட்டுக் குதிரை” என்று பெயர் வைத்துவிடுவோம்.

★

முதுகு விரிப்பைச் சரியான இடத்தில் நேராகப் போடக் கூடாது. கொஞ்சம் முன்னால், கழுத்தை ஒட்டிப் போட்டுப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். அப்போதுதான் அடியிலுள்ள முடி ஒழுங்காகப் படியும். அதிகமாகப் பின்னால் போய்விட்டால் முன்னே தள்ளாதீர்கள். தூக்கி எடுத்து முதலிலிருந்து போடுங்கள்.

★

செங்குதிரையின் முதுகில் அங்கங்கே வெள்ளைத் திட்டு இருக்கிறதா? பல குதிரைகளுக்கு அது பிறவி மச்சம் இல்லை. பொருந்தாத சேணம் அழுத்தி அழுத்தி, முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் செத்துப்போன இடம். புண் ஆறினாலும் அங்கே முளைப்பது பெரும்பாலும் வெள்ளை முடிதான். குதிரை வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு இதையும் பார்க்க வேண்டும்.

★

சேணம் எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு இந்தியாவில் சட்டவிதியே உண்டு. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்காக 1965-ல் வந்த வதைத் தடுப்பு விதிகளில், முன்தோளுக்குமேல் திமில்போல மேடாக இருக்கும் எலும்பின்மீது சேணம் நேரடியாக உட்காரக் கூடாது, நடுவில் போதிய இடைவெளி வேண்டும் என்று இருக்கிறது. முள் வைத்த கடிவாளத்துக்கும் தடை. மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்று சுமைக்கும் வரம்பு போட்டிருக்கிறார்கள். வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 மணிவரை வேலை வாங்கக் கூடாது. மலையடிவாரத்தில் சித்திரை, வைகாசி வெயில் தெரிந்தவர்களுக்கு அந்த மூன்று மணி நேரத்தின் அருமை புரியும்.

★

வயிற்று வாரை இறுக்கும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். “களவாணிக் குதிரை, மூச்சைப் பிடிச்சு ஏமாத்துது” என்பார்கள். அதன்மேல் பழி போடுவது நியாயமில்லை. ஒரே இழுப்பில் இறுக்கினால் வலிக்கும் என்று பழகிய குதிரை தசையை விறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு துளை இறுக்கி, பத்தடி நடத்தி, மறுபடி ஒரு துளை இறுக்கினால் இந்தத் தகராறே வராது. ஏறுமுன் வாருக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட வேண்டும். நடக்கவிடாமல் உடனே ஏறினால் வார் தளர்ந்து சேணம் பக்கவாட்டில் சரியும்.

★

கடிவாளம் என்ற பேரிலேயே கடி இருக்கிறது. ஆனால் அந்த இரும்பு, பல்லில் படவே கூடாது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே குதிரைக்கு வெறும் ஈறுதான். இரும்பு கிடக்க வேண்டிய இடம் அது. கடைவாய் ஓரத்தில் கட்டைவிரலை மெல்ல நுழைத்தால் வாய் தானாகத் திறக்கும், இரும்பால் பல்லில் இடிக்க வேண்டியதில்லை. மார்கழிக் குளிரில் போடிமெட்டில் நிற்கிறீர்கள் என்றால், இரும்பை ஒரு நிமிடம் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டு வாயில் கொடுங்கள். கழற்றும்போதும் அவசரம் வேண்டாம், குதிரையே வாயைத் திறந்து விடட்டும்.

★

நம்மைப்போல் வாய்வழியே மூச்சு வாங்கக் குதிரையால் முடியாது. மூக்கு ஒன்றுதான் வழி. கடிவாளத்தின் மூக்குப்பட்டையை மூக்கெலும்பை விட்டுக் கீழே இறக்கிக் கட்டினால், ஏற்றத்தில் மூச்சு முட்டும்.

★

சேணம் போடுவதும் ஏறுவதும் குதிரையின் இடப்பக்கத்திலிருந்து. இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கிய காலத்துப் பழக்கம் என்பார்கள். மலைத்தடத்தில் வலப்பக்கமும் பழக்குவது நல்லது. இடப்பக்கம் பள்ளமாக இருந்தால் எங்கே நின்று ஏறுவது?

★

பழந்தமிழில் ‘பண்’ என்றால் பாட்டு மட்டுமல்ல, குதிரைச் சேணமும்தான். யானையையும் குதிரையையும் புறப்பாட்டுக்கு ஆயத்தப்படுத்துவதைப் ‘பண்ணுதல்’ என்றார்கள்.

★

பாண்டிய நாட்டுக்கு 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ ஒரு வருத்தமான சேதி எழுதியிருக்கிறார். கடல்வழியாகப் பெரும்பொருள் கொடுத்து வரவழைத்த குதிரைகளில் பெரும்பாலானவை, பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமல் செத்துப்போயினவாம். லாடம் அடித்து வைத்தியம் பார்க்கிறவர்களை வணிகர்களே வரவிடவில்லை என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம்!

★

பொதிக்குதிரைக்கு வயிற்று வார் மட்டும் போதாது. ஏற்றத்தில் சுமை பின்னால் சரியாமலிருக்க மார்பைச் சுற்றி ஒரு வார், இறக்கத்தில் கழுத்துக்கு வந்துவிடாமலிருக்க வாலடியில் ஒரு வார். இரண்டு பக்க மூட்டையும் ஒரே எடையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால், கொண்டை ஊசி வளைவில் குதிரையே அந்தப் பக்கம் சாயும்.

★

திரும்பி வந்து சேணத்தை இறக்கியதும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். முதலில் முதுகைப் பாருங்கள். விரிப்பு கிடந்த இடம் முழுக்க ஒரே சீராக வியர்த்திருந்தால் சேணம் பொருந்தியிருக்கிறது. சுற்றிலும் ஈரமாக இருந்து நடுவில் ரூபாய் அளவுக்கு ஓரிடம் காய்ந்து கிடந்தால், அங்கேதான் இவ்வளவு நேரமும் அழுத்தியிருக்கிறது. நாளைக்கு அந்த இடத்தில் விரிப்பை மாற்றிப் போட வேண்டும். சேணத்தின் அடிப்பஞ்சையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.