கஞ்சமலை இரும்பும் வண்டிக்கூலியும்

கரும்புத் தோட்டத்தின் ஓரத்திலேயே ஆலை நாட்டி வெல்லம் காய்ச்சுவது நம் குடியானவர் வழக்கம். பத்து வண்டிக் கரும்பில் ஏறக்குறைய ஒரு வண்டி வெல்லந்தான் தேறும். மற்ற ஒன்பது வண்டிச் சக்கையையும் நீரையும் சுமக்க எவன் கூலி கொடுப்பான்? பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் பொருள்களுக்கும் இதே கணக்குத்தான். இக்கணக்குப் பொய்த்துப்போன கதையொன்று நம் சேலத்தைச் சேர்ந்தது.

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இரும்புக்கல்லுக்குக் குறைவே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் துரை, 1830-இல் அதை உருக்கிச் சீமைக்கு அனுப்பத் துணிந்தார். ஆனால் உலையை அவர் அமைத்தது மலையடிவாரத்தில் அன்று, கடலோரத்துப் பரங்கிப்பேட்டையில்! கப்பலுக்கு அது சமீபம்; கல்லுக்கோ வெகு தூரம். கல்லை வண்டியில் ஏற்றி ஆற்றங்கரை சேர்த்து, பரிசல்களில் கொள்ளிடம் வழியாக இறக்கினார்கள். அக்கல்லின் எடையில் இரும்பு பாதிக்கும் குறைவு. மீதி வெறுங்கல்லுக்கும் கூலி அழவேண்டியதுதான். நம் ஆறுகள் வருஷம் முழுவதும் நிறைந்து ஓடுகிறவை அல்ல என்பதையும் நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் கரியினால் வந்தது. பக்கத்தில் நிலக்கரி கிடையாது. மரக்கரியைக் கொண்டே உலையை எரித்தார்கள். காடு அழிய அழியக் கரிவண்டிகள் மேலும் மேலும் தூரம் போகவேண்டியதாயிற்று. ஷெபீல்டு நகரத்துக்கே ஏற்றுமதியான இரும்புதான். எனினும் அரை நூற்றாண்டு நிறையுமுன் உலை அவிந்தது.

வடக்கே நடந்தது வேறு. 1904-இல் பிரமதநாத போஸ் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி, மயூர்பஞ்ச் சமஸ்தானத்துக் கொருமகிசானி மலையில் உயர்ந்த இரும்புக்கல் இருப்பதை ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு எழுதினார். டாட்டா அவ்வருஷமே காலமானார். அவருக்குப் பின் வந்தவர்கள், தெற்கே அம்மலையும் வடக்கே ஜாரியா நிலக்கரியும் எட்டும்படியாக, சுவர்ணரேகையும் கர்க்காயும் கூடுமிடத்தில் சாக்சி கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1912-இல் அங்கே எஃகு பிறந்தது. சாக்சியே ஜாம்ஷெட்பூர் ஆயிற்று.

சுதந்திரத்துக்குப் பின், 1950-களில், சர்க்கார் ஒரு சமவிலைத் திட்டம் கொண்டுவந்தது. இரும்பும் எஃகும் பீஹாரில் என்ன விலையோ, சென்னையிலும் பம்பாயிலும் அதே விலை. ரயில் கூலியின் வித்தியாசத்தை எல்லோர் தலையிலும் பகிர்ந்துவிட்டார்கள். சுரங்கத்தின் பக்கத்தில் பட்டறை வைப்பதால் இருந்த அனுகூலம் இதனால் போயிற்று. பஞ்சுக்கு அத்தகைய சமவிலை கிடையாது. அதன் கூலியைப் பீஹார்வாசி தன் கையிலிருந்தே கொடுத்தான். 1990-களின் தொடக்கத்தில்தான் எஃகின் சமவிலை நீங்கிற்று. அதனால் லாபம் அடைந்தவர்களில் நாமும் சேர்ந்தவர்களாகையால், நம் பக்கத்தில் இதைப்பற்றி அதிகம் பேசுவோரில்லை. அது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

கஞ்சமலை அடிவாரத்திலும் 1980-களின் தொடக்கத்தில் சர்க்கார் எஃகுத் தொழிற்சாலை ஒன்று வேலையைத் தொடங்கிற்று. வீட்டில் புழங்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்கான தகடு அங்கே உருவாகிறது. ஆனால் அத்தகட்டுக்கு வேண்டிய எஃகு முதலில் வெளியிலிருந்தே வந்தது; 2010-இல் சொந்த உலை வந்தபோதும் பழைய இரும்பைத்தான் உருக்கலானார்கள். மலைக்கல் பெரும்பாலும் மலையிலேயே இருக்கிறது.