போட்டோ ஃபோல்டர் திறக்கத் திணறுகிறதா?

ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் முதலில் வெறும் கட்டங்கள்தான் தெரிகின்றன. படங்கள் ஆற அமர ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். விண்டோஸில் இதைப் பெரும்பாலும் செலவில்லாமலே சரிசெய்யலாம். முதலில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தாமதம் முதல் தடவை மட்டுமா, ஒவ்வொரு தடவையுமா?

எங்கே நேரம் போகிறது?

12 மெகாபிக்ஸல் போட்டோ ஒன்றில் 1.2 கோடிப் புள்ளிகள் இருக்கின்றன. அதைத் திறந்து, 256 பிக்ஸல் அகலமுள்ள சிறு படமாக, அதாவது தம்ப்நெயிலாகச் சுருக்க வேண்டும். வீடியோ என்றால் அதில் ஒரு காட்சியைத் தேடிப் பிரித்தெடுக்க வேண்டும். இப்படி உருவானவற்றை விண்டோஸ் தூக்கி எறிவதில்லை. எக்ஸ்பி காலத்தில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் 'தம்ப்ஸ்.டிபி' என்ற கோப்பில் வைத்தது. விஸ்டா முதல் பயனர் கணக்குக்குள் ஒரே இடத்தில், 'தம்ப்கேஷ்' என்று தொடங்கும் கோப்புகளில் சேமிக்கிறது. அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக் காட்டும்.

ஆகவே, முதல் தடவை மட்டும் தாமதமானால் அது கோளாறல்ல, நடக்க வேண்டிய வேலை.

ஒவ்வொரு தடவையும் தாமதமா?

அப்படியானால் சேமிப்பு அழிந்திருக்கலாம், அல்லது பழுதாகியிருக்கலாம். இடத்தை மிச்சப்படுத்த அடிக்கடி 'டிஸ்க் கிளீனப்' ஓட்டுபவர்கள் அதில் உள்ள 'தம்ப்நெயில்ஸ்' வரியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அழிக்க அழிக்க, எல்லாவற்றையும் விண்டோஸ் முதலிலிருந்து உருவாக்க வேண்டியிருக்கும்.

மாறாக, தவறான படங்களோ வெற்றுக் கட்டங்களோ தெரிந்தால் சேமிப்பு பழுதாகியிருக்கலாம். அப்போது மட்டும் அதே வரியை டிக் செய்து ஒரு தடவை அழியுங்கள். உங்கள் அசல் படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

டவுன்லோட்ஸ் மட்டும் மெதுவா?

பலவகைக் கோப்புகள் கலந்து கிடக்கும் ஃபோல்டரைச் சில நேரம் விண்டோஸ் படத் தொகுப்பாக எடுத்துக்கொள்கிறது. ஃபோல்டர் மீது வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'கஸ்டமைஸ்' போங்கள். 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்ற இடத்தில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' தேர்ந்தெடுங்கள். படம் பார்க்கத் தேவையில்லாத ஃபோல்டர்களில் 'டீடெயில்ஸ்' பார்வையே போதும். பெயர், தேதி, அளவு மட்டும் சட்டென்று வரும்.

ஒரு குறிப்பிட்ட ஃபோல்டர் மட்டும் முரண்டு பிடித்தால், பழுதான வீடியோ ஒன்று உள்ளே இருக்கலாம். கோப்புகளில் பாதியை வேறு ஃபோல்டருக்கு மாற்றிப் பாருங்கள். எந்தப் பாதி திணறுகிறதோ அதை மீண்டும் பாதியாக்குங்கள். ஆயிரம் கோப்புகள் இருந்தாலும் பத்துச் சுற்றுக்குள் பிடித்துவிடலாம்.

காசு செலவழிக்க வேண்டிய இடம்

இவை எதுவும் பலிக்காமல், படங்கள் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தால், எஸ்எஸ்டிக்கு மாற்றுவது பயன் தரும். ஹார்ட் டிஸ்க் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு கோப்பையும் தேடிப் போக சுமார் 10 மில்லிவினாடி எடுக்கும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். புதுக் கம்ப்யூட்டருக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே இதற்குப் போதும்.