தடுப்பூசிக்கு அழைக்கும் குறுஞ்செய்தி காலனிக்கு வந்து சேர்கிறதா?

குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்பதைப் பெற்றோரின் செல்போனுக்கே குறுஞ்செய்தியாக அனுப்பும் ஏற்பாடு இன்று நாடு முழுவதும் இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி யாருடைய போனுக்குப் போகிறது? அதை யார் படிக்கிறார்கள்? படித்த பிறகு தாயால் ஊசி போடும் இடத்துக்குப் போக முடிகிறதா? இந்த மூன்றும் சரியாக நடந்தால்தான் ஊசி குழந்தைக்குக் கிடைக்கும். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு புறப்பட்டுப் போகும் தலித் மக்களுக்கு, பெண்ணாடம் பகுதியானாலும் வேறு எந்தப் பகுதியானாலும், மூன்றுமே சிக்கலான கேள்விகள்.

கடலூர் மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 29 சதவீதத்துக்கு மேல் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மாநில சராசரி 20 சதவீதம்தான். ஆகவே இந்த மாவட்டத்தில் காலனிக் குழந்தைகளுக்கு ஊசி தவறினால் அதை ஒரு சிறு பிரிவினரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

சராசரிக்குள் மறையும் குழந்தைகள்

தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளையும் பெற்றவர்கள் 2015-16 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 69.7 சதவீதம். அடுத்து வந்த 2019-21 கணக்கெடுப்பில் அது 89.2 சதவீதமாக உயர்ந்தது. இது பெரிய முன்னேற்றம். கிராம சுகாதார செவிலியர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனாலும் பத்தில் ஒரு குழந்தை விடுபட்டே நிற்கிறது. வேலை தேடி ஊர் மாறும் குடும்பத்திலும், துணை சுகாதார நிலையத்துக்குத் தொலைவான குடியிருப்பிலும், ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டிலும்தான் அந்தக் குழந்தை இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறந்தவுடன் போடும் ஊசி பிரசவ ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும். 6, 10, 14-வது வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியும் போலியோ, ரோட்டா சொட்டு மருந்துகளும் உண்டு. அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்த பிறகும், அதன் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் வரும். மறதிக்கு இடம் கொடுப்பது இந்த இடைவெளிதான். குழந்தை நன்றாக ஓடி விளையாடும்போது ஊசி நினைவுக்கு வராது. போன முறை ஊசி போட்டுக் காய்ச்சல் வந்திருந்தால், வேண்டாம் என்று தள்ளிப்போடவும் தோன்றும்.

நம் வயல்வெளியின் நோய்

கடலூர் மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இங்கே பழைய எதிரி. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1955-ல் வேலூர் பகுதியில் கண்டறியப்பட்டது. பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம், விருத்தாசலத்தில் கள நிலையம் அமைத்து இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தது. நெல் வயலில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் நோயைப் பரப்புகிறது. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றியிலும் கிருமி பெருகுகிறது. மூளை வரை பாதித்தால் உயிர் போகும் ஆபத்து உண்டு. பிழைத்த குழந்தைகளில் பலருக்கு நிரந்தர ஊனம் தங்கிவிடுகிறது.

வயல் ஓரத்தில் காலனி, கதவு ஜன்னல் சரியாக இல்லாத வீடு, வெளியே படுக்கும் பழக்கம் என்று வாழும் பிள்ளைக்குத்தான் கொசுக்கடி அதிகம். நோய் பரவும் மாவட்டங்களில் இதற்கான தடுப்பூசியை 9-வது மாதத்திலும், பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் இலவசமாகப் போடுகிறார்கள். நீண்ட இடைவெளியில் மறந்துபோகும் அதே இரண்டு தேதிகள்தான் இவை.

செய்தி மட்டும் போதுமா?

மேற்கு கென்யா கிராமங்களில் நடந்த ஆய்வு 2017-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. நினைவூட்டு இல்லாத ஊர்களில் 82 சதவீதக் குழந்தைகள் ஒரு வயதில் தடுப்பூசிகளை முடித்திருந்தனர். குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிய ஊர்களில் 86 சதவீதம். செய்தியோடு, சரியான நேரத்தில் போட்ட ஒவ்வொரு ஊசிக்கும் சிறு தொகை கொடுத்த ஊர்களில் 90 சதவீதம். போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் ஓரளவு ஈடாகும்போது செய்தியின் பலன் கூடுகிறது.

நம் நாட்டில் ஹரியானாவின் ஏழு மாவட்டங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஆய்வு நடத்தினார்கள். 'ஊரில் எந்தச் செய்தியையும் நாலு பேரிடம் கொண்டுசேர்ப்பவர் யார்?' என்று மக்களிடமே கேட்டு, அவர்கள் காட்டிய ஆட்களிடம் தடுப்பூசித் தகவலைப் பரப்பச் சொன்னார்கள். அந்த ஆட்கள், குறுஞ்செய்தி, சிறு ஊக்கத்தொகை மூன்றும் சேர்ந்த இடங்களில் தட்டம்மை ஊசி 44 சதவீதம் கூடியது. ஊக்கத்தொகை இல்லாமல் ஆட்களும் செய்தியும் மட்டும் சேர்ந்தது, செலவுக்கு அதிகப் பலன் தந்த வழியாக இருந்தது. காலனிக்குள்ளேயே நம்பிக்கையான ஒருவர் சொன்னால்தான் போனில் வரும் வரிக்கு உயிர் வருகிறது.

போன் யார் கையில்?

இந்திய அளவில் 54 சதவீதப் பெண்களிடம்தான் தாங்களே பயன்படுத்தும் செல்போன் இருக்கிறது என்கிறது 2019-21 கணக்கெடுப்பு. கர்ப்பத்தைப் பதிவு செய்து ஆர்.சி.எச். எண் வாங்கும்போது கணவரின் எண்ணைக் கொடுத்திருந்தால், செய்தி சூளையிலோ திருப்பூரிலோ வேலை செய்யும் அவருக்குப் போகும். ரீசார்ஜ் செய்ய முடியாமல் சிம் மாறினால் அங்கேயே அறுந்துவிடும்.

போன் பேசாத இன்னொன்றும் உண்டு. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகள் மருத்துவ சேவை பெறும் விதத்தைப் பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா ஆய்வு செய்தார். தொடாமல் மருந்து கொடுப்பது, அதிக நேரம் காக்கவைப்பது, வீட்டுக்குள் வராமல் போவது போன்ற பாகுபாடுகளை 2010-ல் அவர் பதிவு செய்தார். ஒருமுறை முகம் சுளிக்கப்பட்ட தாய், அடுத்த முறை எத்தனை செய்தி வந்தாலும் தயங்குவாள். செய்தி அனுப்பும் துறை, வந்தவரை மரியாதையோடு நடத்தவும் வேண்டும்.

உடனே செய்யக்கூடியவை

கிராம சுகாதார செவிலியரிடம் இப்போதைய செல்போன் எண்ணைச் சொல்லிப் பதிவில் மாற்றுங்கள். தாய்க்குத் தனிப் போன் இல்லையென்றால், காலனியிலேயே இருக்கும் உறவினர் எண்ணைக் கொடுக்கலாம்.

தேதி தவறினால் பயப்பட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. தட்டம்மை-ரூபெல்லா ஊசியை 5 வயது வரை போட்டுக்கொள்ளலாம்.

வெளியூர் வேலைக்குப் போகும்போது தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் யூ-வின் பதிவு முறையில் எந்த ஊரிலும் ஊசி போட்டுக்கொள்ள வழி இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியின் கடைசித் தவணையும் குழந்தையின் 9-வது மாதத்தில்தான் வருகிறது. அந்த மாத ஊசியைத் தவற விடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் கேட்கலாம். செவிலியர் காலனிக்கு வராமல் ஊரோடு திரும்பினால், வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்து மூலம் மனு கொடுக்கலாம்.

படிக்கும் பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், யாருடைய அட்டையில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தடுப்பூசி போடும் புதன்கிழமைக்கு முந்தின நாள் மாலை அந்த வீடுகளுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஹரியானாவில் பலன் தந்த வழியும் அதுதான்.