தன்னைத் தானே படமெடுக்கும் மூலக்கூறு

கேஸ் வெல்டிங் பட்டறையில் சீறி எரியும் அசிட்டிலீன் வாயுவைப் பலரும் பார்த்திருப்போம். அதன் ஒரு மூலக்கூறில் நான்கே அணுக்கள்: நடுவில் இரண்டு கார்பன், இரு முனையிலும் ஒவ்வொன்றாக ஹைட்ரஜன். எல்லாம் ஒரே நேர்கோட்டில். முனையில் இருக்கும் ஹைட்ரஜன் ஒருமுறை அதிர்ந்து மீள ஏறத்தாழ 10 ஃபெம்டோ விநாடி ஆகும். ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிக் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஃபெம்டோ விநாடி. ஒரு விநாடியை 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் நீட்டினால், அந்தக் கூறு ஒரு விநாடியாகும்!

இந்த வேகத்தில் அறுபடும், அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை முதலில் பின்தொடர்ந்தவர், எகிப்தில் பிறந்து அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அகமது செவாய்ல். 1999இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அவருடைய முறையில் ஒரு லேசர் துடிப்பு வினையைத் தொடங்கிவைக்கும். சற்றுத் தாமதமாக வரும் இன்னொன்று மூலக்கூறு எந்த நிலையில் இருக்கிறது என்று சோதிக்கும். ஆனால் அணுக்கள் எங்கே நிற்கின்றன என்பதை அது நேரடியாகக் காட்டாது. லேசர் ஒளியின் அலைநீளம் அணு இடைவெளியைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது.

அணுக்களின் இடத்தைக் காண ஓர் அழகான வழி பிறந்தது: மூலக்கூறின் சொந்த எலக்ட்ரானையே ஒளியாக்கிவிடலாம். வெற்றிடத்துக்குள் மெல்லிய தாரையாகப் பாயும் வாயுவின் மீது வலிமையான அகச்சிவப்பு லேசர் விழுகிறது. அதன் மின்புலம் ஓர் எலக்ட்ரானைப் பிய்த்து வெளியே இழுக்கிறது. அடுத்த கணம் மின்புலம் திசை மாறுகிறது. போன எலக்ட்ரான் ஊஞ்சல்போலத் திரும்பி வந்து, தான் பிரிந்த மூலக்கூறின் மீதே மோதிச் சிதறுகிறது. வேகமெடுத்த எலக்ட்ரானின் அலைநீளமோ அணு இடைவெளி அளவுக்குச் சிறியது. கடலோரப் பாறைகளுக்கு இடையே புகுந்துவரும் அலையின் வடிவில் பாறைகளின் இருப்பு பதிந்திருப்பதுபோல, சிதறிய எலக்ட்ரான்கள் எந்தக் கோணத்தில் எத்தனை என்ற கணக்கில் அணுக்களின் இடைவெளி பதிந்திருக்கிறது. பல மூலக்கூறுகளின் சிதறல்களைத் தொகுத்தே ஒரு படம் தேறும்.

2016இல் பார்சலோனா அருகிலுள்ள ஐசிஎஃப்ஓ ஆய்வகத்தினர் இம்முறையில் அசிட்டிலீனைப் படமெடுத்தார்கள். லேசரின் அலைநீளம் 3.1 மைக்ரோமீட்டர், அதன் ஓர் அலைச் சுற்றுக்கும் 10 ஃபெம்டோ விநாடிதான். ஆகவே எலக்ட்ரான் போய்த் திரும்பும் நேரமே கடிகாரமானது. எலக்ட்ரான் பிரிந்து 9 ஃபெம்டோ விநாடியில் எடுத்த அந்தப் படத்தில், இரண்டு எலக்ட்ரான்களை இழந்த மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் கரு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

பாடப்புத்தகச் சமன்பாட்டில் இரு பக்கங்களுக்கும் நடுவே நாம் போடும் அம்புக்குறிக்குள் நடப்பது இதுதான்.