பிடிபடும் முன்பே உதவி கேளுங்கள்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தை ஒட்டியே ஒரு மருத்துவமனை. பக்கத்து நொவீனாவில் டான் டோக் செங் மருத்துவமனை, லீ கோங் சியான் மருத்துவப் பள்ளி. தாதிமையும் மருத்துவமும் படிக்கும் பிள்ளைகள் அன்றாடம் நடமாடும் வட்டாரம் இது. உடம்பைப் பற்றி நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும், நாம் என்ன சொல்லித் தருவது என்று பெற்றோர் இருந்துவிடுகிறார்கள். இரவுப் பணிப் பயிற்சி, தேர்வு, வார்டில் கண்ணெதிரே ஒரு மரணம். இத்தனையும் சேர்ந்து அழுத்தும்போது பாடப்புத்தக அறிவு மட்டும் யாரையும் போதைப் பழக்கத்திலிருந்து காப்பதில்லை.

எட்டோமிடேட் என்ற மருந்தையே உதாரணமாகப் பார்ப்போம். அறுவை சிகிச்சைக்கு முன் நரம்பு வழியே செலுத்தும் மயக்க மருந்து அது. மூச்சையும் இதயத் துடிப்பையும் கண்காணிக்க ஆள் இருக்கும் இடத்தில்தான் அதைக் கொடுப்பார்கள். உயிர்காக்கும் கார்டிசோல் ஹார்மோன் சுரப்பை அது அடக்கிவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் அதைத் தொடர்ந்து செலுத்தியபோது இறப்பு கூடியதை கிளாஸ்கோ மருத்துவர்கள் 1983லேயே எச்சரித்தார்கள். அதே மருந்துதான் ‘கேபாட்’ என்ற பெயரில் மின்சிகரெட்டுக்குள் வந்தது. 2025 ஜூலையில், பறிமுதலான நூற்றுக்கும் மேற்பட்ட மின்சிகரெட்டுகளைச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்கில் அது இருந்தது. நண்பர் நீட்டும் கருவிக்குள் எது, எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்து மருத்துவ மாணவராலும் சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் மின்சிகரெட்டை வைத்திருப்பதே 2018 பிப்ரவரி முதல் குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் சி பிரிவில் சேர்க்கப்பட்டது. அன்று நடப்புக்கு வந்த விதிகளின்படி, 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர் முதல்முறை பிடிபட்டால் 700 வெள்ளி அபராதம். எட்டோமிடேட் என்றால் கட்டாய மறுவாழ்வும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து மாணவர் அனுமதியில் வந்திருப்போர் கூடுதலாக ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: திரும்பத் திரும்பப் பிடிபட்டால் அனுமதி ரத்தாகி நாடுகடத்தப்படவும் கூடும். கடன் வாங்கிப் படிக்க அனுப்பிய குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய இடி!

பலருக்கும் தெரியாத சலுகை ஒன்று இருக்கிறது. தாமாக முன்வந்து, இந்தப் பழக்கத்தைக் கைவிட உதவுங்கள் என்று கேட்பவருக்குத் தண்டனை இல்லை. பிடிபட்ட பிறகு கேட்டால் அந்தச் சலுகை கிடைக்காது. கருவியைச் சமூக மன்றங்களில் வைத்துள்ள தொட்டியில் போட்டுவிடலாம். அதற்கும் வழக்கு வராது. இருந்தும் பிள்ளைகள் வாய் திறக்கத் தயங்குவதற்குக் காரணம், படிப்பு பறிபோகுமோ என்ற பயம். உதவி கேட்டு வருபவரை ஒழுங்கு நடவடிக்கைக்கு இழுக்க மாட்டோம் என்று ஒவ்வொரு கல்வி நிலையமும் வெளிப்படையாக அறிவித்தால்தான் அந்தப் பயம் விலகும்.

மின்சிகரெட்டைக் கைவிட உதவி வேண்டுவோர் 1800 438 2000 என்ற எண்ணை அழைக்கலாம். மன அழுத்தம் தாங்க முடியாதபோது 1771. அருகிலிருப்பவர் தள்ளாடினாலோ நினைவிழந்தாலோ, மாட்டிக்கொள்வோமே என்று தயங்காமல் உடனே 995ஐ அழையுங்கள்.