உங்களுக்குத் தெரியுமா? தென்காசிப் பையன், விம்பிள்டன் சாம்பியன்!

விருதுநகரிலிருந்து சிவகாசி, ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது தென்காசி. அந்த ஊரில்தான் ராமநாதன் கிருஷ்ணன் சிறுவனாக டென்னிஸ் கற்றார். சொல்லிக்கொடுத்தவர், தந்தை டி.கே. ராமநாதன்.

1954-இல், 17 வயதில், ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வீழ்த்தி விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் வீரர் அவரே! தோற்ற கூப்பர் சாதாரண ஆள் அல்ல; 1958-இல் விம்பிள்டன் ஆடவர் சாம்பியன் ஆனவர்.

1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஆடவர் ஒற்றையர் அரையிறுதி வரை முன்னேறினார் கிருஷ்ணன். அங்கே அவரை வென்ற நீல் ஃப்ரேசர், ராட் லேவர் இருவருமே அந்தந்த ஆண்டின் கோப்பையைக் கைப்பற்றினார்கள்.

1979-இல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றவர், மகன் ரமேஷ் கிருஷ்ணன்.